டிரஸ்ட் பதிவு செய்தாயிற்று, விஷன் மிஷன் என்ன எழுதுவது?

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் நாலு நண்பர்கள் சேர்ந்தால் ஒரு டிரஸ்ட் பிறந்துவிடுகிறது. குட்டை தூர்வார ஒன்று, அரசுப் பள்ளிக்குக் கழிவறை கட்ட ஒன்று, ரத்ததானத்துக்கு ஒன்று, மரம் நட ஒன்று. வேலையும் நன்றாகத்தான் நடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மண்வெட்டியோடு வந்து நிற்கிறார்கள், கைக்காசைப் போடுகிறார்கள், யாரும் யாரையும் கூப்பிட்டுக் கெஞ்ச வேண்டியதில்லை. இரண்டு மூன்று வருடம் கழித்து ஏதோ ஒரு கம்பெனி சி.எஸ்.ஆர். நிதி, அதாவது லாபத்தில் சமூகப் பணிக்கென்று ஒதுக்கும் பணம், தருவதாகச் சொல்லி ஒரு படிவம் அனுப்புகிறது. அதில் உங்கள் விஷன் என்ன, மிஷன் என்ன, வேல்யூஸ் என்ன என்று மூன்று கட்டங்கள் காலியாக இருக்கும். உடனே ஒருவர் போனை எடுத்து, டெல்லியிலோ பெங்களூரிலோ இருக்கும் ஒரு பெரிய அமைப்பின் வரிகளைத் தேடிப் பிடித்து, பெயரை மட்டும் மாற்றி ஒட்டிவிடுவார். வேலை முடிந்தது என்று எல்லோரும் டீ குடிக்கப் போய்விடுவார்கள்.

அந்த மூன்று கட்டங்களையும் உட்கார்ந்து யோசித்து எழுத வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்கு ஒரே காரணம்தான் உண்டு. ஒரு சேவை அமைப்புக்கு வரும் மிகக் கஷ்டமான வேலை ‘வேண்டாம்’ என்று சொல்வது. பணம் வேண்டாம், இந்த நிகழ்ச்சி வேண்டாம், இந்தப் பொறுப்பு நம்முடையது இல்லை என்று நல்ல மனிதர்களிடம், வேண்டப்பட்டவர்களிடம், சில சமயம் நிறுவனரின் மச்சானிடமே சொல்ல வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் கையில் எழுதி வைத்த நாலு வரி இருந்தால் அது மனஸ்தாபமாக மாறாது. அந்த வரி உதவாது என்றால் அதை எழுதாமலே விடலாம்.

சரி, மூன்றும் என்ன என்று முதலில் பார்த்துவிடுவோம். தமிழில் தொலைநோக்கு, பணி, விழுமியங்கள் என்று வைத்துக்கொள்ளலாம். தொலைநோக்கு என்பது நம் வேலை முழுக்கப் பலித்துவிட்டால் ஊர் எப்படி இருக்கும் என்கிற சித்திரம். அது நம்மால் மட்டும் ஆகிற காரியமாக இருக்க வேண்டியதில்லை, அரசாங்கம், பள்ளிக்கூடம், மற்ற அமைப்புகள் எல்லாம் சேர்ந்தால்தான் நடக்கும் என்றாலும் பரவாயில்லை. பணி என்பது அந்தச் சித்திரத்தை நோக்கி நாம் இன்றைக்கு, இங்கே, யாருக்காக, என்ன செய்கிறோம் என்பது. இதற்கு நாம்தான் பொறுப்பு. விழுமியங்கள் என்பவை அந்த வேலையைச் செய்யும்போது எதை விட்டுக்கொடுக்க மாட்டோம், எதைச் செய்யவே மாட்டோம் என்பவை. இவ்வளவுதான். பல கட்டுரைகளில் இதற்கு மேல் நோக்கம், இலக்கு, வியூகம், தூண்கள் என்று அடுக்கிக்கொண்டே போவார்கள், ஆரம்பத்தில் இருக்கும் ஒரு சின்ன அமைப்புக்கு அதெல்லாம் தேவையே இல்லை.

விளக்கமாகச் சொல்லிக்கொண்டே போனால் பிடிபடாது, ஒரு உதாரணத்தை வைத்துப் பார்ப்போம். திருப்பூர் வேலம்பாளையம் பக்கம் ஒரு கற்பனை அமைப்பு. பனியன் கம்பெனிகளில் வேலை செய்ய ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்தும் நம் தென் மாவட்டங்களிலிருந்தும் வந்த குடும்பங்கள் லைன் வீடுகளில் இருக்கின்றன. அம்மாவும் அப்பாவும் ஷிஃப்டுக்குப் போய்விட்டால் பிள்ளைகளைப் பார்க்க ஆளில்லை, பள்ளியில் சேர்த்திருந்தாலும் தமிழ் தெரியாமல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கொஞ்ச நாளில் நின்றுவிடுகிறார்கள். அக்கம்பக்கத்து ஆட்கள் சிலர் சேர்ந்து மாலையில் ஒரு மையம் நடத்துகிறார்கள். சுண்டல் கொடுக்கிறார்கள், பாடம் சொல்லிக் கொடுக்கிறார்கள். இவர்கள் முதலில் என்ன எழுதுவார்கள் தெரியுமா? பெரும்பாலும் இப்படித்தான்:

‘சமுதாயத்தில் பின்தங்கிய மக்களின் ஒட்டுமொத்த வாழ்வாதார மேம்பாட்டிற்காகவும் கல்வி வளர்ச்சிக்காகவும் அர்ப்பணிப்புடன் செயல்படும் தன்னலமற்ற அமைப்பு.’

படிக்கக் கம்பீரமாக இருக்கிறது. இதில் திருப்பூர் இருக்கிறதா? பிள்ளைகள் இருக்கிறார்களா? மாலை நேரம் இருக்கிறதா? இந்த வரியை அப்படியே எடுத்து ஒரு முதியோர் இல்லத்தின் போர்டில் மாட்டினாலும் பொருந்தும், மலைக் கிராமத்தில் தேன் விற்க உதவும் அமைப்பின் போர்டில் மாட்டினாலும் பொருந்தும். நாளைக்கு ஒருவர் வந்து, ஆயிரம் மரக்கன்று நட நிதி தருகிறேன், நீங்கள் எடுத்துச் செய்யுங்கள் என்றால் இந்த வரி வேண்டாம் என்று சொல்லுமா? சொல்லாது. ‘ஒட்டுமொத்த மேம்பாடு’ என்று எழுதியாயிற்றே, மரமும் அதற்குள் அடங்கும்தானே. மரம் நடுவது நல்ல காரியம்தான், ஆனால் பாடம் எடுக்கும் ஐந்து பேரும் மூன்று மாதம் குழி தோண்டப் போய்விட்டால் அந்தப் பிள்ளைகள் மறுபடி லைன் வீட்டு வாசலில்தான்.

பணி என்பது காட்டுக்கு வரப்பு மாதிரி. அடுத்தவன் காடு மோசம் என்று சொல்வதற்காக யாரும் வரப்புப் போடுவதில்லை, நம்முடையது எதுவரை என்று தெரிந்தால்தான் எங்கே உழுவது, எங்கே தண்ணீர் விடுவது என்று தெரியும்.

அந்த வரியைத் திருத்திப் பார்ப்போம். முதல் கேள்வி, யாருக்காக? ‘பின்தங்கிய மக்கள்’ என்ற இடத்தில் ‘வேலைக்காகத் திருப்பூர் வந்த குடும்பங்களின் பிள்ளைகள்’ என்று போடுகிறோம். எந்த வயது? கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயதுவரை பேசுகிறது, நம் மையத்துக்கு வருபவர்களும் அந்த வயதுதான், சரி, அதையே வைத்துக்கொள்ளலாம். அடுத்து, என்ன செய்கிறோம்? டியூஷன் என்று உடனே வாயில் வரும். கொஞ்சம் பொறுங்கள், டியூஷன் எதற்காக? பள்ளியில் நிற்பதற்காக. அப்படியானால் பள்ளியில் சேராத பிள்ளை வந்தால் என்ன செய்வோம்? கூட்டிக்கொண்டு போய் அரசுப் பள்ளியில் சேர்ப்போம். குடும்பம் திடீரென்று பல்லடத்துக்கோ கரூருக்கோ மாறிவிட்டால்? இங்கேதான் எல்லோரும் ஒரு நிமிடம் பேசாமல் இருப்பார்கள். ஏனென்றால் பெரும்பாலான பிள்ளைகள் படிப்பை விடுவது அந்த இடத்தில்தான், டி.சி. வாங்காமல், பள்ளிக்கல்வித் துறை ஒவ்வொரு பிள்ளைக்கும் கொடுக்கும் எமிஸ் எண் என்னவென்றே தெரியாமல் ஒரே இரவில் கிளம்பிவிடுவார்கள். இதைப் பேசிப் பேசி கடைசியில் இப்படி ஒரு வரி வரலாம்:

‘வேலைக்காகத் திருப்பூர் வந்த குடும்பங்களின் 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளைப் பக்கத்து அரசுப் பள்ளியில் சேர்க்கிறோம், அவர்கள் தமிழில் படிக்கவும் எழுதவும் பழகும்வரை மாலை வகுப்பு நடத்துகிறோம், குடும்பம் ஊர் மாறினால் அடுத்த பள்ளியில் சேரும்வரை விடாமல் தொடர்புகொள்கிறோம்.’

நீளமாக இருக்கிறதே என்பார்கள். இருக்கட்டும். பனியனில் அச்சடிக்க ஒரு முழக்கம் வேண்டுமானால் தனியாக வைத்துக்கொள்ளலாம், பணி வாக்கியம் அதற்கானது கிடையாது. இதை எழுதியதும் நடப்பதைக் கவனியுங்கள். மரக்கன்று நிதி தானாகவே வெளியே போய்விடுகிறது. பன்னிரண்டாம் வகுப்புக்கு நீட் பயிற்சி ஆரம்பிக்கலாமா என்ற யோசனையும் வெளியே போகிறது. அதே சமயம், இதுவரை யாரும் யோசிக்காத ஒரு வேலை உள்ளே வந்துவிட்டது. ஊர் மாறும் பிள்ளைகளைத் தொடர ஒரு நோட்டு, ஒரு போன், அதற்கு ஒரு ஆள். சுண்டல் வரியில் இல்லையே என்று ஒருவர் கேட்பார். சுண்டல் கொடுங்கள், தாராளமாகக் கொடுங்கள், பசியோடு எந்தப் பிள்ளையும் எழுத்துக் கூட்டிப் படிக்காது. ஆனால் நாளைக்குப் பணம் குறைந்தால் முதலில் எதைக் காப்பாற்றுவது என்று இந்த வரியைப் பார்த்தால் தெரியும்.

மரக்கன்று நிதி கொடுக்க வந்தவரிடம் என்ன சொல்வது என்பதும் இதிலிருந்தே வந்துவிடுகிறது: ‘ரொம்ப நன்றிங்க. நாங்க வேலைக்கு வந்த குடும்பத்துப் பசங்களைப் பள்ளிக்கூடத்துல நிறுத்தற வேலையை மட்டும் எடுத்துக்கிட்டிருக்கோம். மரம் நடறதுக்கு இதே ஊர்ல ஒரு குழு இருக்கு, அவங்க நம்பர் தர்றேன், பேசிப் பாருங்க.’ கோபித்துக்கொள்ள இதில் ஒன்றும் இல்லை, மரம் நடும் குழுவுக்கும் நல்லது நடக்கிறது.

பணியைக் குறுக்கினால் வளர்ச்சி நின்றுவிடுமோ என்று பயப்படுபவர்களுக்கு நான் எப்போதும் காட்டுவது அரவிந்த் கண் மருத்துவமனையைத்தான். கோவையில் அவினாசி சாலையில் அவர்கள் மருத்துவமனையைப் பார்க்காதவர் குறைவு. ஆனால் ஆரம்பம் மதுரையில், 1976இல், வெறும் 11 படுக்கைகளோடு. அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி 58 வயதில் தொடங்கினார். அவர்கள் எடுத்துக்கொண்ட பணி, தடுக்கக்கூடிய, குணப்படுத்தக்கூடிய பார்வையிழப்பை ஒழிப்பது. ‘தரமான கண் மருத்துவமனை நடத்துவது’ என்று அவர்கள் எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கண்புரை அறுவைசிகிச்சையில் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் அப்போது வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், ஏழைகளுக்குக் கட்டுப்படியாகாத விலை. மருத்துவமனை நடத்துவதுதான் வேலை என்றால், லென்ஸ் விலைக்கு நாம் என்ன செய்ய முடியும் என்று கையை விரித்திருக்கலாம். பார்வையிழப்பை ஒழிப்பது வேலை என்பதால் 1992இல் ஆரோலேப் என்று சொந்தமாகவே லென்ஸ் தயாரிக்கும் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அவர்கள் வரைந்த எல்லை குறுகலானதுதான், எல்லா நோய்க்கும் வைத்தியம் பார்க்கிறோம் என்று சொல்லவில்லை, ஆனால் எட்ட வேண்டிய இடத்தைச் சொன்னதால் அதற்கான வழிகள் திறந்தே இருந்தன. நம் டியூஷன் மையத்துக்கும் இதே பாடம்தான், ‘மாலை வகுப்பு நடத்துவது’ என்று மட்டும் எழுதாமல் பிள்ளை பள்ளியில் நிற்பதைச் சேர்த்து எழுதியதற்குக் காரணம் இதுதான்.

பத்திரத்தில் இருப்பது வேறு, இது வேறு

இந்த இடத்தில் பலருக்கும் ஒரு குழப்பம் வரும். ‘நோக்கங்கள்தான் டிரஸ்ட் பத்திரத்திலேயே இருக்கிறதே, மறுபடி எதற்கு?’ என்பார்கள். பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். பத்திர எழுத்தரோ ஆடிட்டரோ ஏற்கெனவே வைத்திருந்த மாதிரியிலிருந்து எழுதியதாக இருக்கும். பள்ளி நடத்துவது, மருத்துவமனை கட்டுவது, முதியோர் இல்லம், விதவைகள் மறுவாழ்வு, கோசாலை, இயற்கைப் பேரிடர் நிவாரணம் என்று பக்கம் பக்கமாகப் போகும். அதில் தப்பில்லை. டிரஸ்ட் என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு, சங்கம் என்றால் 1975ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் குறைந்தது ஏழு பேர் சேர்ந்து பதிவு, கம்பெனி வடிவம் வேண்டுமென்றால் 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் எட்டாவது பிரிவு. எந்த வழியில் போனாலும் அந்த நோக்கங்கள்தான் சட்டப்படி நீங்கள் எதுவரை போகலாம் என்பதைச் சொல்கின்றன. அதைப் பின்னால் மாற்றுவது லேசான காரியம் இல்லை. டிரஸ்ட் பத்திரத்தில் திருத்தும் அதிகாரம் எழுதப்படாமல் இருந்தால் நீதிமன்றம்வரை போக வேண்டிவரலாம். 12ஏ, 80ஜி என்று எல்லோரும் சொல்லும் வருமான வரிப் பதிவுகளும் அந்த நோக்கங்களைப் பார்த்துத்தான் கொடுக்கப்படுகின்றன. அதனால் அவற்றைக் கொஞ்சம் அகலமாகவே எழுதுகிறார்கள்.

பணி வாக்கியம் அந்த அகலத்துக்குள், இந்த வருடம் நாம் நிற்கும் இடத்தைக் காட்டுவது. ஒரு விஷயத்தை மட்டும் கட்டாயம் சரிபாருங்கள்: நீங்கள் எழுதிய பணி பத்திரத்தில் உள்ள நோக்கங்களுக்குள் அடங்குகிறதா? அடங்காவிட்டால் ஆடிட்டரிடம் பேசிவிட்டுத்தான் அந்த வேலையையே தொடங்க வேண்டும்.

சி.எஸ்.ஆர். பற்றியும் ஒரு வார்த்தை. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இந்த மூன்றில் ஏதாவது ஒன்றைத் தொட்டாலும் அந்த நிறுவனம் கடந்த மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது கம்பெனிகள் சட்டம். 5 கோடி லாபம் என்பதால் நம் பக்கத்து நூற்பாலைகள், பம்புசெட் கம்பெனிகள், ஏற்றுமதி நிறுவனங்கள் சிலவும் இதற்குள் வந்துவிடுகின்றன. கல்வி, சுகாதாரம், சுற்றுச்சூழல் என்று எதற்குச் செலவிடலாம் என்ற பட்டியல் அந்தச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் இருக்கிறது. கம்பெனியின் சி.எஸ்.ஆர். அதிகாரி உங்கள் பணியைப் படிக்கும்போது தேடுவது அந்தப் பட்டியலில் எந்த வரிக்குள் நீங்கள் வருகிறீர்கள் என்பதை. தெளிவாக எழுதினால் அவருக்கும் வேலை சுலபம், ஆனால் அவருக்குப் பிடிக்க வேண்டும் என்பதற்காக உங்கள் பணியை வளைக்காதீர்கள். அடுத்த வருடம் அந்தக் கம்பெனி வேறு விஷயத்துக்குப் போய்விடும், பிள்ளைகள் இங்கேயே இருப்பார்கள்.

தொலைநோக்கு: எப்போது கடையை மூடலாம்?

தொலைநோக்குக்கு நான் கேட்கச் சொல்லும் கேள்வி, என்ன நடந்துவிட்டால் நாம் சந்தோஷமாக இந்த அமைப்பைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம்? டியூஷன் மையத்துக்கு அது இப்படி இருக்கலாம்: ‘வேலை தேடி வந்த குடும்பத்துப் பிள்ளை ஒன்றுகூட, ஊர் மாறிய காரணத்தால் படிப்பை விடாத கொங்கு நாடு.’ இவ்வளவு பெரிய விஷயம் பத்துப் பேரால் நடக்காது, அவர்களுக்கும் தெரியும். ஆனால் எந்தப் பக்கம் நடக்கிறோம் என்பதைச் சொல்கிறது. ‘வளமான பாரதம்’, ‘அனைவருக்கும் மகிழ்ச்சி’ என்றெல்லாம் எழுதினால் எந்தப் பக்கம் நடந்தாலும் சரிதான் என்று ஆகிவிடும்.

தொலைநோக்கில் வரும் முக்கியமான தவறு, ஒரு திட்டத்தையே தொலைநோக்காக எழுதிவிடுவது. இதற்கு நம் ஊரிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. அத்திக்கடவு-அவினாசி திட்டத்துக்காக அறுபது வருடத்துக்கும் மேலாகக் குரல் கொடுத்தார்கள், உண்ணாவிரதம் இருந்தார்கள், தலைமுறை தாண்டிப் போராடினார்கள். 2024 ஆகஸ்ட் 17 அன்று அது தொடங்கிவைக்கப்பட்டது. 1,916 கோடி ரூபாய் செலவில், பவானி ஆற்றில் காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழேயிருந்து உபரி நீரை எடுத்து, ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்களில் 1,045 குளம் குட்டைகளுக்குக் கொண்டுபோகும் திட்டம். இப்போது அவினாசிப் பக்கம் ஒரு கிராமத்தில் ஒரு குட்டைக் குழு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவர்கள் ‘அத்திக்கடவுத் தண்ணீர் எங்கள் குட்டைக்கு வர வேண்டும்’ என்று தொலைநோக்கு எழுதி வைத்திருந்தால், குழாயில் தண்ணீர் வந்த அன்றே குழு கலைந்துவிடும். கலைவதும் தப்பில்லை, நினைத்தது நடந்துவிட்டது, பூட்டிவிட்டுப் போகலாம். ஆனால் அவர்கள் மனதில் உண்மையில் இருந்தது, ‘கோடையிலும் எங்கள் ஊர்க் கிணறு வற்றக்கூடாது’ என்பதாக இருந்தால் வேலை இன்னும் பாக்கி இருக்கிறது. குட்டைக்கு வரும் தண்ணீர் நிலத்தில் இறங்க வண்டல் எடுக்க வேண்டும், சீமைக்கருவேலத்தை வேரோடு எடுக்க வேண்டும், மழைநீர் வரும் பழைய வழித்தடத்தில் வீடு கட்டியிருந்தால் பேச வேண்டும், ஆயிரம் அடிக்குப் போர் போட்டு உறிஞ்சுவதைப் பற்றி ஊருக்குள் பேச வேண்டும், அது இன்னும் கஷ்டம். இந்த இரண்டில் நம்முடையது எது என்று தெரிந்து எழுதுவதுதான் தொலைநோக்கு.

விழுமியங்கள்: எதை இழக்கத் தயார்?

எனக்கு மூன்றிலும் பெரிய விஷயம் இதுதான், ஆனால் இதைத்தான் எல்லோரும் இரண்டு நிமிடத்தில் முடிக்கிறார்கள். நேர்மை, வெளிப்படைத்தன்மை, அர்ப்பணிப்பு, கூட்டு முயற்சி, சமத்துவம். ஐந்து சொற்கள், ஐந்து வட்டங்கள், ஐந்து நிறங்கள். இவற்றில் எதையும் யாரும் எதிர்க்கப் போவதில்லை, நேர்மையில்லாமல் நடப்போம் என்று எந்த அமைப்பும் எழுதப் போவதில்லை. அதனாலேயே இவை எந்த முடிவுக்கும் உதவுவதில்லை. நமக்கு ஏதாவது ஒரு நஷ்டம் வரும்போதும் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது எதுவோ அதுதான் விழுமியம். எனவே அதைச் சொல்லாக எழுதாமல் நடத்தையாக எழுதுங்கள்.

‘சமத்துவம்’ என்று எழுத வந்தால், நம் பகுதியில் அது என்னவாக வரும் என்று யோசியுங்கள். டீக்கடையில் இரட்டைக் குவளை வைத்திருந்த ஊர்கள் இங்கே உண்டு, ஒரே தெருவில் எந்த வீட்டுத் திண்ணையில் யார் உட்காரலாம் என்று சொல்லாமலே தெரிந்து நடக்கும் ஊர்கள் இன்றும் உண்டு. நம் டியூஷன் மையத்துக்கு ஊர்ப் பெரியவர் ஒருவர் வாடகையில்லாமல் கோயில் மண்டபத்தைத் தர வருகிறார். நல்ல மனிதர், மின்விசிறி உண்டு, தண்ணீர் உண்டு. ஆனால் எல்லாப் பிள்ளைகளும் அங்கே கூச்சமில்லாமல் உள்ளே வர முடியுமா? முடியாது என்றால் அந்த மண்டபம் வேண்டாம். இதைத்தான் எழுத வேண்டும்: ‘எல்லாப் பிள்ளைகளும் உள்ளே வர முடியாத இடத்தில், அது இலவசமாகவே கிடைத்தாலும், வகுப்பு நடத்த மாட்டோம். ஒரே வரிசை, ஒரே டம்ளர். யாருடைய சாதியையும் கேட்க மாட்டோம்.’ இந்த விழுமியத்துக்கு விலை உண்டு, மாதம் வாடகை கொடுத்து ஒரு ஷெட் பிடிக்க வேண்டும். விலை இருப்பதால்தான் அது விழுமியம்.

வெளிப்படைத்தன்மை என்பதும் அப்படியே. ‘வருடத்துக்கு ஒருமுறை, ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெற்றோர் முன்னால் வரவு செலவைத் தமிழிலும் இந்தியிலும் படித்துக் காட்டுவோம்’ என்று எழுதினால் ஒரு ஒடிசாக்காரத் தாய்கூட எழுந்து, வேனுக்கு இவ்வளவு செலவா என்று கேட்கலாம். கேட்கட்டும்.

பிள்ளைகளோடு வேலை செய்யும் அமைப்பு என்றால் பாதுகாப்பைப் பற்றி ஒரு வரி இல்லாமல் இருக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. ‘அடிக்க மாட்டோம். எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு மூடிய அறையில் தனியாக இருக்க மாட்டார். தப்பு நடந்ததாகத் தெரிந்தால் அமைப்பின் பெயரைக் காப்பாற்ற மறைக்க மாட்டோம், போலீசில் சொல்வோம்.’ பிள்ளைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி, அப்படி ஒன்று நடந்தது தெரிந்தும் சொல்லாமல் இருப்பதே குற்றம். ஆனாலும் சட்டத்தில் இருக்கிறது என்று விட்டுவிடாமல் நம் வரியாக எழுதி வைத்தால், புதிதாக வரும் தன்னார்வலரிடம் முதல் நாளே சங்கடமில்லாமல் படித்துக் காட்டலாம்.

அப்புறம் போட்டோ. பை கொடுக்கும்போது, நோட்டு கொடுக்கும்போது, பிள்ளையை நிற்க வைத்து, பேனரைப் பிடிக்க வைத்து எடுக்கும் படங்கள். நன்கொடை கொடுப்பவர்கள் அதை எதிர்பார்க்கிறார்கள், அது அவர்கள் குற்றமும் இல்லை, வழக்கம் அப்படி ஆகிவிட்டது. ‘பிள்ளைகளின் முகத்தைக் காட்டி நன்கொடை கேட்க மாட்டோம்’ என்று எழுதினால் சில நன்கொடைகள் வராது. அந்தப் பிள்ளை பெரியவளாகி, தான் கைநீட்டி வாங்கும் படத்தை எங்கேயாவது பார்க்க வேண்டிவராது.

யாரிடம் பணம் வாங்குவது என்பதும் விழுமியம்தான், குறிப்பாகத் தண்ணீர் சம்பந்தமான அமைப்புகளுக்கு. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து வரும் நொய்யல் திருப்பூரைத் தாண்டும்போது என்ன ஆனது என்று நமக்குத் தெரியும். பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கி, அந்தத் தண்ணீரைத் திறக்காதீர்கள் என்று விவசாயிகளே கேட்கும் நிலை வந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப் பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான் கழிவுநீரைச் சொட்டுகூட வெளியே விடக்கூடாது என்ற விதி கடுமையாக அமலானது. ஒரு குட்டைக் குழு, ‘கழிவுநீரை வெளியே விட்டதற்காக நடவடிக்கைக்கு உள்ளான ஆலையிடம், அது சரிசெய்யும்வரை நன்கொடை வாங்க மாட்டோம்’ என்று எழுதுவது பெரிய முடிவு. ஊரில் பாதிப் பேருக்குச் சாயத்தொழில்தான் சோறு போடுகிறது, அதையும் மனதில் வைத்துத்தான் பேச வேண்டும், அவசரப்பட்டு எழுதக்கூடாது. நாலு கூட்டம் ஆனாலும் பரவாயில்லை.

சில அமைப்புகள் விழுமியத்தை எழுதாமலே காட்டிவிடுவதும் உண்டு. பி.எஸ்.ஜி. அறநிலையம் 1926இல் தொடங்கிய கதையைக் கோவையில் எல்லோரும் சொல்வார்கள்: நாலு சகோதரர்கள் சொத்தை ஐந்து பங்காகப் பிரித்து, ஐந்தாவது பங்கைத் தருமத்துக்கு வைத்தார்கள். அதற்குமேல் ‘பகிர்வு’ என்று ஒரு சொல்லைச் சுவரில் எழுத வேண்டியதில்லை.

எத்தனை விழுமியம் வேண்டும்? நாலோ ஐந்தோ போதும். பத்து எழுதினால் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

எப்படி உட்கார்ந்து எழுதுவது

சனிக்கிழமை சம்பள நாள், ஆட்கள் கிடைக்க மாட்டார்கள், ஞாயிறு மதியத்துக்குமேல் வையுங்கள். டிரஸ்டிகள் மட்டும் உட்கார்ந்தால் அது அவர்கள் கனவாக மட்டுமே இருக்கும். பாடம் எடுக்கும் அக்கா ஒருவர், மையத்துக்குப் பிள்ளைகளை அனுப்பும் இரண்டு அம்மாக்கள், பக்கத்துப் பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருவர் என்று கூப்பிடுங்கள். அம்மாக்கள் பேச மாட்டார்கள், வந்து ஓரமாக உட்காருவார்கள், அதனால் முதலில் அவர்களிடமே கேளுங்கள்: ‘நாளைக்கே இந்த மையத்தை மூடிட்டோம்னா உங்க வீட்ல என்னங்க குறையும்?’ அவர்கள் சொல்லும் பதிலில் உங்கள் பணி பாதி இருக்கும். டிரஸ்டிகள் நினைத்துக்கொண்டிருந்ததும் அதுவும் ஒன்றாக இல்லாமல் போகவும் வாய்ப்புண்டு. நாம் இங்கிலீஷ் சொல்லித் தருவதாகப் பெருமைப்பட்டுக்கொண்டிருப்போம், அவர்கள் ஆறு மணிவரை பிள்ளை பத்திரமாக இருக்கிறது என்பதற்காக அனுப்புகிறோம் என்பார்கள். வருத்தப்படாமல் அதை எழுதிக்கொள்ளுங்கள்.

கூட்டத்தில் பேச்சை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், வாக்கியத்தை அங்கே எழுதாதீர்கள். எட்டுப் பேர் சேர்ந்து ஒரு வாக்கியம் எழுதினால் ஆளுக்கொரு சொல் சேர்த்து மறுபடி அந்த ‘ஒட்டுமொத்த மேம்பாடு’ வரிக்கே வந்து நிற்கும். எழுத வரும் ஒருவர் வீட்டுக்குப் போய் எழுதட்டும். முதலில் தமிழில் எழுதட்டும், படிவத்துக்கு ஆங்கிலம் அப்புறம்.

எழுதி வந்ததை மூன்று விதமாகச் சோதிக்கலாம். வேறு ஒரு அமைப்பின் பெயரைப் போட்டுப் படித்தால் பொருந்துகிறதா என்று பாருங்கள், பொருந்தினால் இன்னும் நம்முடையதாகவில்லை. அடுத்தது, நம்மைத் தெரியாத ஒருவரிடம் வாசித்துக் காட்டுவது, பள்ளிச் சத்துணவுக்கூடத்தில் சமைக்கும் ஆயாவிடம் காட்டலாம். ‘ஏனுங், அப்ப நீங்க டியூசன் எடுக்கறீங்களா, பள்ளிக்கோடத்துல சேத்தி உடறீங்களா?’ என்று அவர் திருப்பிக் கேட்டால் நல்லது, இரண்டில் எது முதலில் வர வேண்டும் என்பதை அந்தக் கேள்வியே சொல்லிவிடும். மூன்றாவது எனக்கு மிகவும் பிடித்தது. மினிட்ஸ் நோட்டை எடுங்கள். போன வருடம் கூட்டத்தில் சண்டை வந்த முடிவுகள் இரண்டு மூன்று இருக்கும். இந்த வரிகள் அன்றைக்கே இருந்திருந்தால் அந்த முடிவு சீக்கிரம் வந்திருக்குமா, வேறு மாதிரி வந்திருக்குமா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். எந்த முடிவுக்கும் உதவவில்லை என்றால் திரும்ப எழுதுங்கள்.

முடிந்ததும் கூட்டத்தில் தீர்மானமாக நிறைவேற்றி, தேதி போட்டு, மினிட்ஸ் நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டுங்கள். மையத்தின் சுவரில் தமிழிலும் இந்தியிலும், முடிந்தால் ஒடியாவிலும் எழுதிப்போடுங்கள், பிள்ளைகள் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழக அதுவும் ஒரு பாடம். வருடாந்திரக் கூட்டத்தில் கணக்கு வாசிப்பதற்கு முன் இந்த வரிகளை வாசிக்கும் வழக்கம் வைத்தால் மாற்ற வேண்டியது எது என்று தானாகத் தெரியும். பணி மூன்று வருடத்துக்கு ஒருமுறை கொஞ்சம் மாறலாம், குடும்பங்கள் வரும் ஊர்கள் மாறும், பிள்ளைகளின் வயது மாறும். விழுமியங்களைத் தொட வேண்டியிருந்தால் மட்டும் ஒரே கூட்டத்தில் முடிக்காமல் அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைத்து, பெற்றோரையும் கூப்பிட்டுப் பேசிய பிறகு மாற்றுங்கள்.